கொண்டைக்கடலை 8 விசிலுக்கும் வேகலை. தினமும் பயறு, பருப்பு சேர்க்க வழி சொல்லுங்க

செம்பருத்தி:

வணக்கம். வீட்டில் 4 பேர். இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, 68 வயதில் ஒரு பெரியவர். பருப்பு என்றால் துவரம் பருப்பு சாம்பார்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பயறு வகைகளையும் தினச் சமையலுக்குள் கொண்டுவர வேண்டும். மூன்று சிக்கல். கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து 8 விசில் விட்டாலும் நடுவில் கடுக்கென்று இருக்கிறது (வீட்டில் போர் தண்ணீர்). பயறு சாப்பிட்ட அன்று பெரியவருக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. காலையில் அடுப்படியில் 40 நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தாளிப்பு:

போர் தண்ணீர்னு நீங்களே சொல்லிட்டீங்க. பாதி விடை அதுலயே இருக்கு.

போர் தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பயறுக்குள்ள ஒவ்வொரு செல்லையும் பக்கத்து செல்லோட ஒட்டி வச்சிருக்கறது பெக்டின்ங்கற பொருள். பயறு வெந்து மசியறதுன்னா அந்தப் பெக்டின் கரையறதுதான். கால்சியம் கிடைச்சா பெக்டின் அதோட சேர்ந்து இறுகிடும். அப்புறம் விசில் கூட்டினாலும் பெருசா பலன் இல்லை.

மீதிப் பாதி, கடலையோட வயசு. வெக்கையும் ஈரமும் உள்ள இடத்துல மாசக்கணக்குல மூட்டையில கிடந்த பயறு தனக்குள்ளேயே இறுகிப்போகும். பயறுல பைட்டேட்ங்கற பொருளோட ஒட்டியிருக்கற கால்சியம் நாள்பட விடுபட்டு, அதே பெக்டின்கிட்ட போய்ச் சேரும். அதுக்கு நல்ல தண்ணியும் முழுசா உதவாது.

எது உங்க வீட்டுச் சிக்கல்னு ஒரு ராத்திரியில கண்டுபிடிச்சிடலாம். இரண்டு கிண்ணத்துல 20, 20 கடலை போடுங்க. ஒண்ணுல போர் தண்ணி, இன்னொண்ணுல கேன் தண்ணி. 8 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. ஊதாம அப்படியே சின்னதா கிடக்கறது தோல் இறுகின கடலை, அது வேகவே வேகாது, பொறுக்கி எறிஞ்சிடுங்க. நல்லா ஊதினதை அந்தந்தத் தண்ணியிலயே தனித்தனிச் சின்னப் பாத்திரத்துல போட்டு, ஒரே குக்கருக்குள்ள வச்சு எடுங்க. கேன் தண்ணிக் கடலை மசிஞ்சு, போர் தண்ணிக் கடலை மசியலைன்னா தண்ணிதான் காரணம். இரண்டுமே மசியலைன்னா கடலை பழசு, கடையை மாத்துங்க. வாங்கும்போது விலைக்கு முன்னாடி பாக்கெட்ல பேக்கிங் தேதியைப் பாருங்க.

செய்முறை: 250 கிராம் கடலை, 1 லிட்டர் கேன் தண்ணி, 1½ டீஸ்பூன் உப்பு. 8 முதல் 10 மணி நேரம். ஊறின தண்ணியைக் கொட்டிட்டு, இரண்டு தடவை அலசி, புதுத் தண்ணி கடலைக்கு மேல இரண்டு விரல்கடை நிக்கற மாதிரி ஊத்துங்க. பெரிய தீயில ஒரு விசில் வந்ததும் சிம்ல 20 நிமிஷம். அணைச்சு, ஆவி தானா அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேத்தினா உள்ள தண்ணி திடீர்னு கொதிச்சு எழும்பும். தோல் கிழிஞ்சு, நடு வேகாம நிக்கும்.

செம்பருத்தி:

ஊறவைக்கும்போதே உப்பா? உப்பு போட்டால் வேகாது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

தாளிப்பு:

நேர்மாறா நடக்கும். உப்புல உள்ள சோடியம் தோல்ல இருக்கற கால்சியத்தோட இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கும், தோல் இளகும். வேகவிடாம தடுக்கறது உப்பு இல்லை, புளிப்பு. புளித்தண்ணி, தக்காளி, எலுமிச்சை, மோர் இதெல்லாம் பயறு முழுசா மசிஞ்ச பிறகுதான் உள்ளே போகணும். தக்காளியையும் பருப்பையும் ஒண்ணா குக்கர்ல போடறவங்க நிறைய. புதுத் துவரம் பருப்புன்னா தாங்கிக்கும். பழைய பருப்பும் போர் தண்ணியும் சேர்ந்தா கட்டாயம் கடுக்கும்.

வடசென்னை_டிபன்:

இவ்ளோ சுத்த வேணாம்ங்க. ஒரு சிட்டிகை சோடா உப்பு, வேலை முடிஞ்சது.

உணவியல்_குறிப்பு:

சோடா உப்பு வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. காரத்தன்மையில் பெக்டின் வேகமாகக் கரைகிறது. ஆனால் பயறு தரும் முக்கியமான சத்துகளில் ஒன்றான தையமின், அதாவது வைட்டமின் பி1, காரத்தில் அழியும். அளவு கூடினால் சோப்பு வாடையும் வரும், தோல் கழன்று குழகுழவென்றாகும். தினமும் சாப்பிடப்போகிற உணவுக்கு அதைப் பழக்கமாக்க வேண்டாம். கேன் தண்ணீரே கிடைக்காத வீட்டில், 250 கிராமுக்குக் கால் டீஸ்பூன், அதுவும் ஊறவைக்கும் நீரில் மட்டும். வேகவைப்பதற்கு முன் நன்றாக அலசிவிட வேண்டும். இட்லிக் கடைக்கு மொத்தமாக வேகவைப்பதும் வீட்டுக்கு வேகவைப்பதும் ஒன்றல்ல.

விசில் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசில் நேரத்தின் அளவு அல்ல. பெரிய தீயில் 8 விசில் 10 நிமிடத்தில் வந்துவிடலாம், சிம்மில் 2 விசிலுக்கு 15 நிமிடம் ஆகலாம். குக்கரின் அளவு, தண்ணீர், பர்னர், கேஸ்கட் எல்லாம் இதை மாற்றும். முழு அழுத்தத்தில் உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதுதான் கணக்கு. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.

8 மணி நேரம் ஊறிய பயறுக்கு என் கணக்கு இது. வெள்ளைக் கொண்டைக்கடலை 12 நிமிடம், கறுப்பு 20. காய்ந்த பட்டாணி 8. மொச்சை 10. கொள்ளு 20 முதல் 25. தட்டைப்பயறு 4 மணி நேரம் ஊறினாலே போதும், 5 நிமிடம். துவரம் பருப்பு அரை மணி ஊறினால் 8 முதல் 10. பச்சைப்பயறைக் குக்கரில் போடாதீர்கள். ஊறிய பயறு திறந்த பாத்திரத்தில் 15 நிமிடத்தில் முழு மணியாக வெந்துவிடும். குக்கரில் ஒரு நிமிடம் கூடினாலும் கஞ்சியாகிவிடும்.

நெல்லைக்_கருப்பட்டி:

பருப்பு பொங்கி விசில் வழியா மஞ்சத்தண்ணி அடிக்கிறதுக்கும் ஒரு வழி சொல்லுதேன். பருப்பும் தண்ணியும் சேர்ந்து குக்கர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. மேல போனா நுரை ஏறி ஆவித்துளையை அடைக்கும், அது ஆபத்து. அரை டீஸ்பூன் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ விட்டா நுரை அடங்கும், பருப்பும் வெண்ணெயா மசியும். குக்கருக்குள்ள தனிப் பாத்திரம் வச்சு வேகவைக்கிறது இன்னும் நல்லது.

உணவியல்_குறிப்பு:

செம்பருத்தி, 4 பேருக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு துவரம் பருப்பு எடுக்கிறீர்கள்?

செம்பருத்தி:

ஒரு கைப்பிடி. நிறுத்துப் பார்த்தால் 50 கிராம் வருகிறது.

உணவியல்_குறிப்பு:

அங்கேதான் தவறிப்போகிறது. 100 கிராம் துவரம் பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். உங்கள் 50 கிராமில் 11, நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3 கிராம்கூடத் தேறாது. தினமும் பருப்பு சாப்பிடுகிறோம் என்ற திருப்தி இருக்கும், சத்து இருக்காது. நம் ஊரில் பல வீடுகளில் நிலைமை இதுதான். சாம்பார் புளியும் பொடியுமாக நீர்த்துப்போய், பருப்பு பெயருக்கு இருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குப் பருப்பும் பயறும் சேர்ந்து 85 கிராம் என்று இருக்கிறது. இது உலர்ந்த நிலையில் எடை. சாம்பாரால் மட்டும் இதை எட்ட முடியாது. மூன்று வேளைக்கும் பிரிக்க வேண்டும்.

சாம்பாருக்கு 4 பேருக்கு 120 கிராம் போடுங்கள், ஆளுக்கு 30 ஆகிவிடும். மாலையில் 25 முதல் 30 கிராம் உலர் பயறில் செய்த சுண்டல். காலையில் அடை அல்லது பெசரட்டு என்றால் 40 கிராம் உள்ளே போய்விடும். இட்லியை இதில் பெரிதாகக் கணக்கு வைக்காதீர்கள். 4-க்கு 1 என்று அரைத்த மாவில் 4 இட்லிக்கு உளுந்து 12 முதல் 15 கிராம்தான்.

பருப்பைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கும் காரணம் உண்டு. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது அதிகம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். அதனால் 3 பங்கு தானியத்துக்கு 1 பங்கு பருப்பு என்ற அளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த 85 கிராம் கணக்கு அவருக்குப் பொருந்தாது. அவருக்கு அளவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

வடசென்னை_டிபன்:

120 போட்டா சாம்பார் கூழ் மாதிரி ஆயிடாதா?

தாளிப்பு:

ஆகாது. 120 கிராம் பருப்பு வெந்து மசிஞ்சதும் கடைசி அளவு ஒண்ணேகால் லிட்டர் வர்ற மாதிரி தண்ணியைக் கூட்டுங்க. புளி எலுமிச்சை அளவே போதும். பருப்பு குறைவா இருக்கறப்போ கெட்டியாகறதுக்கு அரிசி மாவு கரைச்சு ஊத்தறோம் இல்லையா, அது தேவைப்படாது. புளித்தண்ணியில காய் வெந்து பச்சை வாசனை போன பிறகு பருப்பைச் சேர்த்து 5 நிமிஷம் கொதிச்சா போதும்.

கொங்குக்_கரண்டி:

கொள்ளுச் சமையலைப் பத்தி யாரும் இன்னும் விவரமா பேசலைங்க. கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் வாரத்துல ஒரு நாளாவது கொள்ளுப் பருப்பு உண்டுங்க.

முதல்ல கல். கொள்ளு நிறத்துலயும் அளவுலயும் அப்படியே கல்லு கலந்து கிடக்கும். முறத்துல புடைச்சா போகாது, அரிக்கணும். அகலமான சட்டியில கொள்ளைப் போட்டுத் தண்ணி நிறைய விட்டு, சட்டியைச் சாய்ச்சு மெதுவா சுழட்டுங்க. கொள்ளு தண்ணியோட எழும்பும், கல்லு அடியில தங்கும். எழும்பினதை மட்டும் தண்ணியோட அடுத்த சட்டிக்கு ஊத்தணும். அடியில ஒரு கரண்டி அளவு மிச்சம் இருக்கும்போது நிறுத்திக்குங்க, அதுலதான் கல் இருக்கும். மறுபடி தண்ணி விட்டு அதையே இன்னொரு தடவை அரிங்க. கடைசியில மணல் மாதிரி சலசலன்னு சத்தம் கேக்கறதைக் கொட்டிடணும். இதுக்கு அவசரப்பட்டா பல்லு போயிடுங்க.

150 கிராம் கொள்ளு ராத்திரி ஊறட்டும். காலைல அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, 700 மில்லி புதுத் தண்ணி விட்டு, முதல் விசிலுக்கு அப்புறம் சிம்ல 25 நிமிஷம். வடிகட்டி, வெந்த தண்ணியைத் தனியா வைங்க, அது ரசத்துக்கு. ஒரு டீஸ்பூன் மல்லி, ஒரு டீஸ்பூன் சீரகம், 3 வரமிளகாய், 6 பல் பூண்டு, 10 சின்ன வெங்காயம், இதையெல்லாம் ஒரு ஸ்பூன் எண்ணெய்ல வதக்கி, வெந்த கொள்ளோட சேர்த்துக் கரகரன்னு அரைங்க. நைசா அரைச்சா பசை மாதிரி ஆயிடும், சோத்துல பிசைய வராது. உப்பும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளிச்சா முடிஞ்சது. சூடான சோறு, ஒரு ஸ்பூன் நெய் போதுங்க.

வடசென்னை_டிபன்:

கொள்ளு சாப்ட்டா உடம்பு இளைக்கும்னு சொல்றாங்களே, அதனால தெனமும் சாப்பிடலாமா?

உணவியல்_குறிப்பு:

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை வைத்து வெறும் கொள்ளுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 100 கிராம் கொள்ளில் 320 கலோரிக்கு மேல் இருக்கிறது, மற்ற பயறுகளைப் போலத்தான். இளைக்க உதவுவது அதன் நார்ச்சத்தும் புரதமும் தரும் வயிறு நிறைவு. சோற்றைக் குறைத்துக் கொள்ளைக் கூட்டினால் பலன் தெரியும். சோறும் அதே அளவு, கொள்ளும் கூடுதல் என்றால் எடை ஏறத்தான் செய்யும். கொள்ளின் உண்மையான சிறப்பு வேறு: 100 கிராமில் கால்சியம் சுமார் 270 மில்லிகிராம், இரும்புச்சத்து 8 மில்லிகிராமுக்கு மேல்.

அந்த இரும்புச்சத்து உடம்பில் சேரப் புளிப்பு உதவும். சுண்டலை இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், வைட்டமின் சி இரும்பை உறிஞ்சத் துணை செய்யும். சுண்டலோடு டீ, காபி வேண்டாம். அவற்றில் உள்ள டானின் இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

செம்பருத்தி:

வயிறு உப்புசத்துக்கு யாரும் சொல்லவில்லையே. பெருங்காயம் நிறையப் போட்டுப் பார்க்கலாமா?

உணவியல்_குறிப்பு:

பயறில் ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகின்றன. இந்தச் சர்க்கரைகள் நீரில் கரையும். அதனால் ஊறிய தண்ணீரைக் கொட்டுவதுதான் முதல் மருந்து. முளைகட்டினால் இன்னும் குறையும், முளைக்கும் விதையே அதைத் தின்றுவிடும்.

பெருங்காயம், இஞ்சி, பூண்டு போடுங்கள், மணமும் சுவையும் வரும். ஆனால் ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்துவிட்டுப் பெருங்காயத்தை நம்பக் கூடாது.

பெரியவருக்குத் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் தொடங்குங்கள். செரிக்க இலகுவானது அதுதான். முதல் வாரம் பயறாக ஒரு மேசைக்கரண்டி மட்டும், பிறகு வாரத்துக்கு ஒரு கரண்டி கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிக்கொள்ளும். கொண்டைக்கடலையும் மொச்சையும் ராத்திரியில் வேண்டாம்.

யாழ்_அடுப்படி:

வணக்கம். பெரியவருக்கெண்டால் எங்கட மைசூர்ப் பருப்புக் கறி நல்லாப் பொருந்தும். ஊற வைக்கத் தேவையில்லை, குக்கரும் வேண்டாம், காலமை 20 நிமிசத்தில முடியும்.

100 கிராம் பருப்பை தண்ணி தெளியும் வரை மூண்டு தரம் கழுவுங்கோ. 350 மில்லி தண்ணி, அரைவாசி வெங்காயம், 2 பச்சை மிளகாய், 3 பல்லு உள்ளி, கால் தேக்கரண்டி மஞ்சள் எல்லாம் போட்டு மூடாமல் அவிய விடுங்கோ. முதல் கொதியில வாற நுரையை அகப்பையால எடுத்துவிடுங்கோ. 12 நிமிசத்தில பருப்பு மலர்ந்து மஞ்சளாய் வரும். அப்ப உப்பும் 75 மில்லி கட்டித் தேங்காய்ப்பாலும் விட்டு, ஓரத்தில குமிழ் வாறவுடன இறக்குங்கோ. பிறகு கொதிக்க விட்டால் பால் திரைஞ்சு எண்ணெய் பிரிஞ்சிடும். செத்தல் மிளகாய், கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டி, தேசிக்காய் கொஞ்சம் பிழிஞ்சால் சரி. கொழுப்புக் குறைக்க வேணுமெண்டால் முதற்பாலுக்குப் பதிலாய் இரண்டாம் பாலை விடுங்கோ, ருசி பெரிசாய்க் குறையாது.

வடசென்னை_டிபன்:

வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு சுலப வழி. ராத்திரி ஊறப்போட்ட ராஜ்மாவை காலைல ஒரு கொதி விட்டு, சோறு வைக்கற தெர்மல் குக்கர் டப்பாவுல வச்சு மூடிட்டா சாயந்திரம் வெந்து இருக்கும். கேஸும் மிச்சம்.

உணவியல்_குறிப்பு:

ராஜ்மாவுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமகுளூட்டினின் என்ற லெக்டின் நச்சு மிக அதிகம். வேகாத நாலைந்து மணிகளே ஒருவருக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கப் போதும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் தொடங்கும். அந்த நச்சு 100 டிகிரியில் தளதளவென்று கொதித்தால்தான் அழியும். ஒரு கொதி விட்டு மூடிவைத்தால் டப்பாவுக்குள் சூடு இறங்கிக்கொண்டே வரும். ராஜ்மா மெத்தென்று ஆகிவிடும், நச்சு அப்படியே இருக்கும். 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்ததில் நச்சுத்தன்மை பச்சையைவிடக் கூடவும் செய்யலாம். மின்சார ஸ்லோ குக்கருக்கும் இதே விதிதான்.

குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதி வந்த பிறகு முழுதாக 10 நிமிடம், இன்னும் பாதுகாப்புக்கு 30 நிமிடம் கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் சிம்மில் 15 நிமிடம் என்றால் கவலையில்லை. ராஜ்மாவை முளைகட்டிப் பச்சையாகச் சாலட்டில் போடுவதும் கூடாது.

வடசென்னை_டிபன்:

நல்லவேளை சொன்னீங்க. அப்போ தெர்மல் டப்பாவை எதுக்குத்தான் வச்சுக்கறது?

தாளிப்பு:

பாசிப்பருப்பு, மைசூர் பருப்புக்கு வைங்க. அடுப்புல 10 நிமிஷம் நல்லா கொதிச்ச பிறகு டப்பாவுக்குள்ள மாத்தினா ஒரு மணி நேரத்துல மசிஞ்சிடும்.

நெல்லைக்_கருப்பட்டி:

செம்பருத்தி கேட்ட 40 நிமிஷத்துக்கு உளுந்தஞ்சோறு. தொலி உளுந்து, அதாவது கருப்புத் தோலோட உடைச்ச உளுந்து 100 கிராம். வெறும் சட்டியில வாசனை வரும்வரை வறுத்துக்கோங்க, கருக விட்டா கசக்கும். அரிசி 200 கிராம், 15 பல் பூண்டு, அரை டீஸ்பூன் வெந்தயம், ஒரு டீஸ்பூன் சீரகம், 4 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், உப்பு, 900 மில்லி தண்ணி. எல்லாத்தையும் ஒண்ணா குக்கர்ல போட்டு முதல் விசிலுக்கு அப்புறம் சிம்ல 10 நிமிஷம். தோலை நீக்கிராதீங்க, நார்ச்சத்து அதுலதான் இருக்கு. தொட்டுக்க எள்ளுத் துவையல். 4 பேருக்கு ஆளுக்கு 25 கிராம் பருப்பு இதுலயே போயிரும்.

தாளிப்பு:

அடைக்கும் அளவு சொல்லிடறேன், ஏன்னா அடை கல்லு மாதிரி ஆகுதுன்னு அடிக்கடி கேள்வி வரும். இட்லி அரிசி 200 கிராம், கடலைப்பருப்பு 75, துவரம் பருப்பு 75, உளுத்தம்பருப்பு 25, பாசிப்பருப்பு 25. அரிசியும் பருப்பும் சமம். 6 வரமிளகாயோட 3 மணி நேரம் ஊறணும். முதல்ல அரிசியையும் மிளகாயையும் ரவை பதத்துக்கு அரைச்சுட்டு, பருப்பைக் கடைசியில போட்டு விட்டு விட்டு ஓட்டுங்க. நைசா அரைச்சா அடை ரப்பர் மாதிரி இழுக்கும். கடலைப்பருப்பு கூடினா ஆறினதும் விறைச்சுப்போகும், உளுந்து கூடினா கல்லுல ஒட்டும். புளிக்க வைக்கத் தேவையில்லை. 10 அடை வரும், இரண்டு அடையில 40 கிராம் பருப்பு.

கல்லு மிதமான சூட்டுல இருக்கணும். ஊத்தின உடனே நடுவுல ஒரு ஓட்டை போட்டு அதுல அரை ஸ்பூன் எண்ணெய் விடுங்க. பெரிய தீயில ஓரம் சிவந்து நடு மாவா நிக்கறது இதனாலதான் தவிர்க்கப்படும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டா இன்னும் நல்லது.

செம்பருத்தி:

கேன் தண்ணீரில் ஊறிய கடலை மசிந்தது, போர் தண்ணீர்க் கடலை கடுக்கென்றே இருந்தது. சந்தேகம் தீர்ந்தது, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு ராத்திரியும் ஊறவைப்பதற்குப் பதில் மொத்தமாக வேகவைத்து வைக்கலாமா?

தாளிப்பு:

வைக்கலாம், நான் சொல்லப்போறதும் அதுதான். 5 லிட்டர் குக்கர்ல ஒரு தடவைக்கு 400 கிராம் கடலை வேகவைக்கலாம், வெந்து 850 கிராம் பக்கம் வரும். வடிகட்டி, தட்டுல பரப்பி ஆறவிடுங்க. சூடா டப்பாவுல அடைச்சா மூடியில வேர்த்த தண்ணி இறங்கி இரண்டாம் நாளே நூல் விடும். 200 கிராமா பிரிச்சு, கவர்ல தட்டையா பரப்பி ஃப்ரீஸர்ல வைங்க. இரண்டு மாசம் தாராளமா நிக்கும். ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுன்னா 3 நாள்தான். தேங்காய் சேர்த்த சுண்டலை மட்டும் மிச்சம் வைக்காதீங்க, சித்திரை வெயில்ல சாயந்திரத்துக்குள்ள ஊசிடும்.

வெக்கை நாள்ல ஊறவைக்கறதும் கவனம். 10 மணி நேரத்துக்கு மேல வெளியில கிடந்தா நுரைச்சு நாறும். பாத்திரத்தோட ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு 12 மணி நேரம் ஊறவிடுங்க.

கொங்குக்_கரண்டி:

முளைகட்டினதை மட்டும் பச்சையா சாப்பிடறவங்களுக்கு ஒரு வார்த்தைங்க. முளை வர்ற அதே ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும். ஜெர்மனியில 2011-ல வெந்தய முளையால ஈகோலை பரவி 50 பேருக்கு மேல இறந்திருக்காங்க. வயசானவங்க, பிள்ளைங்க, கர்ப்பிணிங்க இருக்கற வீட்டுல 5 நிமிஷம் ஆவியில வேகவச்சே கொடுங்க.

உணவியல்_குறிப்பு:

முற்றிலும் சரி. முளைகட்டும் துணியையும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டுக் காயவைக்க வேண்டும்.

செம்பருத்தி:

கடைசியாக ஒன்று. ராத்திரி ஊறவைக்க மறந்துவிட்டது, மறுநாள் சாயந்திரம் சுண்டல் வேண்டும், காலையில் நேரமும் இல்லை. அப்போது?

தாளிப்பு:

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கடலையைக் கழுவிக் குக்கர்ல போட்டு, நாலு பங்கு கேன் தண்ணி ஊத்தி ஒரே ஒரு விசில் விட்டு அணைங்க. மூடியைத் திறக்காம ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியில, வெள்ளைக் கடலைன்னா 15 நிமிஷம், கறுப்புன்னா 25 நிமிஷம் சிம்ல வைங்க. அந்த ஒரு மணி நேரமும் இல்லாத நாள்ல தட்டைப்பயறு எடுத்துக்கோங்க. ஊறாத தட்டைப்பயறை 3 நிமிஷம் வெறும் சட்டியில வறுத்துட்டுக் குக்கர்ல வச்சா சிம்ல 15 நிமிஷத்துல சுண்டலுக்குத் தயார்.